பழைய மில்லில் தேத்தண்ணி மட்டும்

அயர்லாந்தில் கில்ரோவன் என்றொரு ஊர். ஊருக்கு நடுவே ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு பழங்காலக் கோட்டை, கோட்டையைச் சுற்றி வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். அந்தக் கடைகளில் எது தோதானது என்று முடிவு செய்கிற பொறுப்பு, திருகோணமலை உட்துறைமுக வீதியில் குடியிருக்கும் புஸ்பராணியின் தலையில் வந்து விழுந்திருந்தது.

புஸ்பராணி அயர்லாந்தைக் கண்டதில்லை. கொழும்புக்கே இரண்டு தரம்தான் போயிருக்கிறாள். இரண்டு தரமும் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போனாள்.

ஆனால் அவளுடைய ஒரே மகன் யுகேந்திரன் கில்ரோவனில்தான் இருந்தான். அங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. முப்பத்து நாலு வயதாகியும் கலியாணம் கூடி வரவில்லை. இந்த நிலையில், பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லியில், அம்மன் கோயில் திருவிழாவில் அந்த ஊர்ப் பெண்மணி பாக்கியரத்தினத்தோடு பேச்சுக் கொடுத்தபோது, அவளுடைய மகள் ஜெயரூபியும் அதே கில்ரோவனில் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று தெரிய வந்தது. உலகத்தில் எத்தனை ஊர் இருக்க, இரண்டு பிள்ளைகளும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று! சாதகமும் பொருந்தியது. இனி, பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் அங்கே சொந்தபந்தம் இல்லை. எனவே ஒரு கடையில் சந்திப்பதென்று ஏற்பாடு.

அங்கேதான் சிக்கல்.

பெண் பார்க்கப் போகிற இடத்தில் தேத்தண்ணி குடிக்கலாம். பலகாரம் கடிக்கலாம். வாழைப்பழம் உரிக்கலாம். ஆனால் பேச்சு முடிவாகும்வரை சாப்பாட்டில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். நனைத்துவிட்டுப் பிறகு வேண்டாமென்று சொன்னால், அந்தப் பெண்ணின் பெயரைத் தெருவில் இழுத்துவிட்ட பாவம் வந்து சேரும்.

அந்தப் பாவம் புஸ்பராணிக்கு ஏற்கெனவே ஒரு தரம் வந்து சேர்ந்திருந்தது. சில வருடங்களுக்கு முன் நிலாவெளியில் ஒரு பெண் பார்க்கப் போனார்கள். தேத்தண்ணியோடு எழும்பியிருக்க வேண்டும். பெண் வீட்டார் மறித்தார்கள், குசினியிலிருந்து இறால் குழம்பு மணத்தது, அவளுடைய கணவர் வல்லிபுரம் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அன்று பின்னேரமே யுகேந்திரன் தொலைபேசியில் வேண்டாமென்றான். மறுவாரம் அந்தப் பெண்ணின் தாய் மீன் சந்தைக்கு நடுவில் புஸ்பராணியை மறித்து நின்று, "எங்கட வீட்டு இறால் ருசி, எங்கட பிள்ளை மட்டும் ருசியில்லையோ?" என்று கேட்டாள். சந்தையே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து புஸ்பராணி கோயிலில்கூட முன்வரிசையில் நிற்பதில்லை.

இன்னொரு தரம் அப்படி நடந்தால் ஊருக்குள் தலைகாட்ட ஏலாது. ஆகவே, தேத்தண்ணி மட்டும் கிடைக்கிற கடை ஒன்று வேண்டும். அதுவும் கில்ரோவனில்.

இதற்காகவே புதன்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு ஜெஸீமாவைக் கூப்பிட்டிருந்தாள். ஜெஸீமா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். போனில் கில்ரோவனின் வரைபடத்தை எடுத்து மேசையில் வைத்ததும், வல்லிபுரம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டார். துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற டக் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வரைபடம் என்றால் விடமாட்டார்.

"ஆறு வடக்கால வந்து தெற்கால போகுது," என்றார். "கோட்டை மேற்குக் கரை. பாலத்துக்குக் கீழ ஆழம் காணாது போல கிடக்கு."

"இஞ்சாருங்கோ, பெடியன் தேத்தண்ணி குடிக்கப் போறான். கப்பல் கட்டப் போகேல்லை," என்றாள் புஸ்பராணி.

ஜெஸீமா சிரித்துக்கொண்டே முதல் கடையைத் தட்டினாள். "ராணியக்கா, இதுதான் ஊரிலயே பேர்போன கடையாம். கோட்டை வாசலுக்கு நேரே இரிக்கி. முந்நூறு வருஷப் பழசு. ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஸ்டூ வைக்கிறாங்களாம். ஒருத்தர் எழுதியிரிக்கார், இதைச் சாப்பிடத்தான் ஒவ்வொரு வருஷமும் கடல் தாண்டி வாறாராம்."

"நல்ல கடைதான் போல."

"அடுத்த ஆள் எழுதியிரிக்கார், உசிர் இரிக்கும்வரைக்கும் இனி அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டேன் எண்டு."

புஸ்பராணிக்கு விளங்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே கடையையோ சொல்லினம்?"

"ஒரே கடை. ஒரே கிழமையில போயிரிக்காங்க."

"அப்ப ஆரை நம்புறது?"

"அதுதான் அக்கா எனக்கும் விளங்கல்ல. அது கிடக்கட்டும், இது ஒரு பப்."

"பப் எண்டா?"

வல்லிபுரம் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "தவறணை. கள்ளு, சாராயம் விக்கிற இடம்."

"ஐயோ! தவறணைக்குள்ள வைச்சோ பொம்பிளை பாக்கிறது?"

"அங்கத்தைய தவறணை வேற மாதிரி," என்றாள் ஜெஸீமா. "இந்தாங்க, படத்தைப் பாருங்க. குடும்பமா இரிக்காங்க. சின்னப் புள்ளைக்கு உயரமான கதிரை போட்டிரிக்கி."

புஸ்பராணி படத்தை உற்றுப் பார்த்தாள். ஒரு பக்கம் கறுப்பு நிறத்தில் எதையோ பெரிய கிளாசில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் ஒரு குழந்தை பட்டாணி தின்றுகொண்டிருந்தது. தவறணையில் குழந்தைக்குக் கதிரை போடுகிற ஊர் எந்த மாதிரியான ஊர் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"வேண்டாம். அடுத்ததைப் பாருங்கோ."

அடுத்தது இறங்குதுறைக்கு மேலே ஒரு மீன்கடை. அங்கே விசேஷம், மீனும் சிப்பியும் பாலில் போட்டுக் காய்ச்சுகிற சூப்.

"தேங்காய்ப் பாலோ?"

"மாட்டுப் பாலாம்."

"மாட்டுப் பாலுக்குள்ள மீனோ!" புஸ்பராணி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது ஓர் இந்தியக் கடை. அதை அவளே தள்ளிவிட்டாள். அங்கே போனால் சோறு வரும். சோறு வந்தால் கதை முடிந்தது.

இந்த இடத்தில் வல்லிபுரத்துக்கு ஒரு யோசனை உதித்தது. "இஞ்சேர், நீ சும்மா பயப்பிடுறாய். சோறு தின்னாட்டி அது சாப்பாடே இல்லை. நாங்கள் காலமை பேக்கரிப் பாண் திண்டிட்டும், இன்னும் சாப்பிடேல்லை எண்டுதானே சொல்லுறம்? அங்க இருக்கிறதெல்லாம் கிழங்கும் பாணும். அவன் எதைத் திண்டாலும் கணக்கில வராது."

"அப்ப அந்த ஊர்ச் சனமெல்லாம் பிறந்த நாளிலயிருந்து பட்டினியோ, அண்ணன்?" என்றாள் ஜெஸீமா.

வல்லிபுரம் வேறு வழியால் வந்தார். "அவையள் முள்ளுக்கரண்டியால சாப்பிடுறவை. கை எங்க நனையிறது?"

"நிலாவெளியில இறால் வழிச்சு நக்கின கை கதைக்குது," என்றாள் புஸ்பராணி. அவர் வரைபடத்துக்குத் திரும்பிவிட்டார்.

கடைசியில், இருட்டுகிற நேரத்தில், ஜெஸீமா ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள். ஆற்றோரத்தில் பழைய மாவு மில் ஒன்று. தண்ணீரால் சுற்றுகிற பெரிய சக்கரம் இப்போதும் இருக்கிறதாம். அதன் கீழ்த்தட்டில் ஒரு தேத்தண்ணிக் கடை. பூப்போட்ட கேத்தலில் தேத்தண்ணி, அதோடு திராட்சைவற்றல் போட்ட பணிஸ், ஜாம், கிரீம். சோறு இல்லை, இறைச்சி இல்லை, சாராயம் இல்லை. திட்டி எழுதினவர் ஒருவர்தான். அவரும் சக்கரம் சத்தம் போடுகிறது என்றுதான் திட்டியிருந்தார்.

"பணிஸ் கணக்கில வருமோ?" என்று புஸ்பராணி தனக்குள் கேட்டு, தானே பதில் சொன்னாள். "வராது. நாங்களும் பொம்பிளை பாக்க வாற ஆக்களுக்கு மீன் வைச்ச மாலு பணிஸ் வாங்கி வைக்கிறனாங்கள்தானே."

அன்றைக்கே மகனைக் கூப்பிட்டுச் சொன்னாள். "தம்பி, சனிக்கிழமை பழைய மில். தேத்தண்ணி. பணிஸ் ஒண்டு. அதுக்கு மேல ஒண்டும் வாயில வைக்கக் கூடாது. விளங்கிச்சுதோ?"

"ஓமம்மா."

"பிள்ளையோட நல்ல மாதிரிக் கதை."

"ஓமம்மா."

அவன் எப்போதும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் ஓம். நிலாவெளிப் பெண்ணின் படத்தை அனுப்பியபோதும் ஓம் என்றுதான் சொன்னான்.

சனிக்கிழமை வந்தது. அங்கே பின்னேரத் தேத்தண்ணி நேரம், இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். புஸ்பராணி விளக்கேற்றினாள், போனை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். வல்லிபுரம் வானொலியைத் தணித்தார். ஜெஸீமா ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் கொண்டு வந்தாள். சும்மா கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்ததாகச் சொல்லி, சுவரோரக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

போன் மணி அடித்தது. மகனின் குறுஞ்செய்தி.

"மில் பூட்டியிருக்கு. கலியாண வீட்டுக்கு எடுத்திட்டினம். வேற இடம் பாக்கிறம்."

அவ்வளவுதான். புஸ்பராணி திருப்பி அழைத்தாள். போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மரியாதைக்காக அணைத்திருப்பான். மரியாதையான பிள்ளை. அந்த மரியாதையை நினைத்து அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது.

"வேற இடமெண்டா எந்த இடம்?" என்று கேட்டாள். யாருக்குத் தெரியும்?

வல்லிபுரம் கண்ணை மூடி வரைபடத்தை நினைவுக்குக் கொண்டுவந்தார். "மில்லடியில நிண்டா எதிர்ப்பக்கம் பாலம். பாலம் தாண்டினாக் கோட்டை. கோட்டை வாசலில..." என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

"தவறணை," என்று ஜெஸீமா முடித்து வைத்தாள்.

அரை மணித்தியாலம் போனது. அடுத்த மணி அடித்தபோது வந்தது செய்தியல்ல, படம். அனுப்பியவள் பாக்கியரத்தினம். கருமையான மர மேசை. பின்னால் கற்சுவர், கறுப்புத் தண்ணீர் நிறைந்த கிளாசுகள். மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் மண்ணிறக் குழம்புக்குள் இறைச்சியும் கிழங்கும், மற்றதில் பொரித்த மீன், வறுத்த கிழங்கு, பட்டாணி. ஒரு பக்கம் ஜெயரூபி வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் யுகேந்திரன், கையில் ஒரு முள்ளுக்கரண்டியை நிமிர்த்திப் பிடித்தபடி.

"வேல் பிடிச்ச முருகன் மாதிரி இருக்கிறான்," என்றார் வல்லிபுரம்.

புஸ்பராணி அவரைப் பார்த்த பார்வையில் அவர் வட்டிலப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

படத்தை இன்னொரு தரம் பார்ப்பதற்குள் அழைப்பு வந்துவிட்டது. பாக்கியரத்தினமேதான்.

"சம்பந்தி!"

நேற்றுவரை புஸ்பராணியைத் 'தங்கச்சி' என்று கூப்பிட்டவள்.

"படம் பாத்தனீங்களோ சம்பந்தி? தம்பி வடிவாச் சாப்பிடுது. முள்ளுக்கரண்டி பிடிக்கிற அழகைப் பாருங்கோவன்! எங்கட சல்லி அம்மாள் கண் திறந்திட்டா. நாளைக்கு நாளும் நல்லாயிருக்காம், பேச்சை முடிக்க வெத்திலைத் தட்டோட வாறம்."

"நாளைக்கோ? அக்கா, கொஞ்சம்..."

"சல்லிக்குள்ள எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

"எல்லாருக்குமோ?"

"கரைவலை இழுக்கிற ஆக்களுக்குங்கூடச் சொல்லியாச்சு. வைக்கிறன் சம்பந்தி, கொழும்பில அண்ணர் லைனில நிக்கிறார்."

போன் கைக்குள் சூடாகக் கிடந்தது. புஸ்பராணி ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஆனால் சல்லி முழுக்க அவள் ஓமென்று சொன்னதாக ஆகிவிட்டது.

"சாப்பிட்டிட்டான்," என்றாள். "தவறணைக்குள்ள இருந்து இறைச்சியோட சாப்பிட்டிட்டான். நாளைக்கு இவன் வேண்டாமெண்டு சொன்னா, நான் சல்லிக் கடலில போய் விழுறதோ?"

"பொறுங்க அக்கா." ஜெஸீமா போனை வாங்கி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். "ரெண்டு பீங்கானும் அந்தப் புள்ளட பக்கம் சரிஞ்சு இரிக்கி. தம்பிக்கு முன்னால ஒரு தேத்தண்ணிக் கோப்பைதான் இரிக்கிற மாதிரித் தெரியிது."

"அது படம் எடுத்த ஆள் நிண்ட கோணம்," என்றார் வல்லிபுரம். "கடலில இப்பிடித்தான், தூரத்தில பாத்தா ரெண்டு கப்பல் ஒண்டோட ஒண்டு முட்டுற மாதிரி இருக்கும்."

"தேத்தண்ணிதான் குடிச்சவன் எண்டா ஏன் முள்ளுக்கரண்டி? தேத்தண்ணியை முள்ளுக்கரண்டியாலயோ குடிக்கிறது?"

மூன்று பேரும் படத்தைச் சுற்றித் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார்கள். கரண்டியின் நுனியில் ஏதோ இருப்பதாக வல்லிபுரத்துக்குத் தெரிந்தது. அது வெளிச்சம் என்றாள் ஜெஸீமா. புஸ்பராணிக்கு ஒரு நேரம் கிழங்காகவும் ஒரு நேரம் வெளிச்சமாகவும் தெரிந்தது.

அப்போதுதான் யுகேந்திரன் அழைத்தான்.

"தம்பி, சாப்பிட்டனியோ?" எடுத்த எடுப்பில் கேட்டாள். எந்தத் தாயும் கேட்கிற கேள்விதான். ஆனால் எந்தத் தாயும் 'இல்லை' என்ற பதிலுக்காக இப்படி ஏங்கியிருக்க மாட்டாள்.

"இல்லையம்மா. நீங்கள் சொன்னபடி தேத்தண்ணி மட்டும்."

"அப்ப ரெண்டு பீங்கான்?"

"ரெண்டும் அவ சாப்பிட்டது."

ஜெஸீமா கையைத் தட்டினாள். புஸ்பராணி மூச்சை விட்டாள். முழுவதும் விடுவதற்குள், "ஆனா..." என்றான் மகன்.

"என்ன ஆனா?"

"அவ கரண்டியைத் தந்து ருசி பாக்கச் சொன்னவ. என்ன செய்யிறது எண்டு தெரியாமப் பிடிச்சுக்கொண்டிருந்தனான். பிறகு... ஒரு துண்டுக் கிழங்கு."

ஒரு துண்டுக் கிழங்கு! அது பலகாரமா, சாப்பாடா? அவித்த கிழங்கா, வறுத்த கிழங்கா? குழம்புக்குள் கிடந்ததா, வெளியில் கிடந்ததா? எந்தச் சாத்திரத்தில் பார்ப்பது?

"கிழங்கு எப்பிடியடா இருந்தது?" என்று வல்லிபுரம் போனுக்குள் எட்டிக் கேட்டார்.

"நல்லாயிருந்தது அப்பா."

"பொம்பிளை?"

பதில் இல்லை.

"கிழங்கைக் கேட்டா உடன சொல்லுறான் பார்," என்றார் வல்லிபுரம்.

"தம்பி," புஸ்பராணி குரலைத் தாழ்த்தினாள். "ஒளிக்காமச் சொல்லு. பிள்ளையைப் பிடிச்சிருக்கோ, இல்லையோ? உன்ர பதிலிலதான் என்ர மானம் கிடக்கு."

"தெரியேல்லை அம்மா." முதல் தடவையாக அவன் ஓமென்று சொல்லவில்லை. "அவ நல்லாக் கதைச்சவ. சிரிச்சவ. ஆனா நான் நீங்கள் சொன்னதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். திராட்சைப் பணிஸ் இருக்கோ எண்டு அந்தக் கடைக்காரரிட்டக் கேட்டன், இல்லையெண்டிட்டார். அப்ப என்னத்தைச் சாப்பிடலாம், என்னத்தைச் சாப்பிடக் கூடாது எண்டு யோசிச்சு யோசிச்சு, அவ என்ன சொன்னவ எண்டே ஞாபகமில்லை."

பிள்ளையை மானத்தோடு அனுப்பியதாகப் புஸ்பராணி நினைத்திருந்தாள். அவனோ ஒரு பெண்ணுக்கு முன்னால் இருந்து பணிஸைத் தேடியிருக்கிறான்.

"அவவுக்கு என்னவாம்?"

"நான் கேக்கேல்லை."

"எங்க அவ இப்ப?"

"பக்கத்திலதான் நிக்கிறா. ஆத்தங்கரையில நடந்துகொண்டிருக்கிறம்."

"அவவிட்டக் குடு."

வல்லிபுரம் கையைக் காட்டி மறித்தார். பெண்ணோடு நேரே பேசுவதா, அதுவும் பேச்சு முடியாமல்? புஸ்பராணி அவருடைய கையைத் தட்டிவிட்டாள்.

"வணக்கம் அன்ரி," என்றது ஒரு குரல். பின்னால் தண்ணீரின் இரைச்சல்.

அன்ரி. தாய் சம்பந்தி என்கிறாள், மகள் அன்ரி என்கிறாள். புஸ்பராணி கதிரையில் உட்கார்ந்தாள்.

"பிள்ளை, நீங்கள் ரெண்டு பீங்கான் சாப்பிட்டனீங்களாம்..."

"ஓம் அன்ரி, பசி!" அந்தப் பெண் ஒளிவில்லாமல் சிரித்தாள். "விடிய ஏழு மணிக்கு வேலைக்கு ஏறினனான். முடிஞ்ச கையோட ஓடி வந்தனான். ரெண்டு பேருக்கும் எண்டுதான் ரெண்டு எடுத்தது. உங்கட மகன் தொடமாட்டன் எண்டு இருந்தார். வீணாக்க மனமில்லை."

"அது... எங்கட வழக்கம் பிள்ளை..."

"வழக்கம் தெரியும் அன்ரி. அம்மாவுக்குப் படத்தை அனுப்பினது என்ர பிழை. வந்து சேர்ந்திட்டன் எண்டு காட்டத்தான் அனுப்பினனான். அவ இப்ப ஊரைக் கூட்டியிருப்பா."

"கூட்டிட்டா."

"ஐயோ. அன்ரி, நான் ஒண்டு சொன்னாக் கோவிப்பீங்களோ? நிலாவெளிக் கதை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை என்னோட படிச்சவ. நீங்கள் அவையின்ர வீட்டில சாப்பிட்டது அவவுக்கு ஒரு குறையுமில்லை. தன்னோட ஒரு வசனம் கதைக்காமலே வேண்டாமெண்டிட்டினம் எண்டுதான் அழுதவ."

மீன் சந்தையில் அந்தத் தாய் போட்ட சத்தம் இத்தனை வருடமாகப் புஸ்பராணியின் காதில் இருந்தது. அந்தப் பெண் அழுதிருப்பாள் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"சரி, உங்களுக்கு?" என்று கடைசியில் கேட்டாள். "உங்களுக்கு என்ர மகனைப் பிடிச்சிருக்கோ?"

"இதை இண்டைக்குத்தான் முதல்முதலா ஒரு ஆள் என்னட்டக் கேக்கிறியள்." குரலில் சிரிப்பு இருந்ததா, இல்லையா என்று தெரியவில்லை. "தெரியாது அன்ரி. தேத்தண்ணிக் கோப்பையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டிருந்த ஒருத்தரைத்தான் கண்டனான். ஒரு மனிசன் பசியோட எப்பிடிச் சாப்பிடுறார், பக்கத்தில இருக்கிற ஆளுக்கு எடுத்து வைக்கிறாரோ, கடைப் பிள்ளையோட எப்பிடிக் கதைக்கிறார், இதெல்லாம் பாக்காம நான் எப்பிடி ஓமெண்டு சொல்லுறது? வாற சனிக்கிழமை அவர் வரட்டும். சாப்பிடட்டும். பிறகு சொல்லுறன்."

முடிவாகாமல் சாப்பிடக் கூடாது. சாப்பிடாமல் முடிவெடுக்க ஏலாது. புஸ்பராணி வல்லிபுரத்தைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"இல்லையெண்டு வந்தா?"

"வந்தா நானே அம்மாவிட்டச் சொல்லுவன். உங்கட தலையில போட மாட்டன்."

"எந்தக் கடை?"

"இதே கடைதான் அன்ரி. அந்த ஸ்டூ அப்பிடி ருசி."

"தவறணையிலயோ?"

"ஓம் அன்ரி. தவறணையிலதான்."

புஸ்பராணி கண்ணை மூடித் திறந்தாள். "தம்பியிட்டச் சொல்லுங்கோ, வயிறு நிறையச் சாப்பிடச் சொல்லி. அம்மா சொன்னவ எண்டு சொல்லுங்கோ."

போனை வைத்ததும் வல்லிபுரம் குதித்தார். "உனக்கென்ன விசரே? நாளைக்கு அந்த மனிசி வெத்திலைத் தட்டோட வாசலில நிக்கப் போகுது!"

"அதுக்குத்தான் எடுக்கிறன்," என்று புஸ்பராணி பாக்கியரத்தினத்தின் இலக்கத்தை அழுத்தினாள். ஜெஸீமா கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சம்பந்தி!" என்றது அந்தப் பக்கம். சுற்றிலும் பெண்களின் கலகலப்பு.

"அக்கா, நாளைக்கு வெத்திலைத் தட்டுக் கொண்டு வர வேண்டாம்."

"ஏன்?"

"ஒண்டும் முடியேல்லை அக்கா. தம்பி திண்டது ஒரு துண்டுக் கிழங்கு. மிச்சமெல்லாம் உங்கட மகள். பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் இன்னும் தெரியேல்லையாம். வாற சனி திரும்பச் சந்திச்சுச் சாப்பிடுவினம்."

"பேச்சு முடியாமலோ?"

"முடியாமல்."

"நான் ஊருக்குச் சொன்னது?" குரல் கூராகியது. "நாளைக்கு என்னை என்னவெண்டு கேப்பினம்? நிலாவெளியில செய்த மாதிரி..."

இந்த வார்த்தைக்குத்தான் புஸ்பராணி இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாள். வந்தேவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், வந்த பிறகும் அவள் இருந்த இடத்தில்தான் இருந்தாள்.

"ஓம் அக்கா, நிலாவெளியில நாங்கள் செய்தது பிழைதான். அதாலதான் சொல்லுறன். தட்டில்லாமல் வாங்கோ. மத்தியானம் எங்கட வீட்டில சாப்பிடுங்கோ."

"பேச்சு முடியாமல் உங்கட வீட்டில நான் கை நனைக்கிறதோ? ஆரும் கேட்டாச் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். எங்கட வீட்டில சாப்பிட்டிட்டு நீங்கள் வேண்டாமெண்டும் சொல்லலாம். நான் சந்தையில வந்து கேக்க மாட்டன்."

"பிறகு பிள்ளைகள் ஓமெண்டா?"

"ஓமெண்டா ஓம்."

"இல்லையெண்டா?"

"தெரியேல்லை அக்கா. எனக்கு இண்டைக்கு ஒண்டுமே தெரியேல்லை. ஆனா சமைக்கத் தெரியும்."

அந்தப் பக்கம் யாரோ "என்னவாம், என்னவாம்?" என்று கேட்பது கேட்டது. பாக்கியரத்தினம் அவர்களை அதட்டுவதும் கேட்டது.

"வெறுங்கையோட எப்பிடி வாறது?" என்றாள் கடைசியில்.

"கருவாடு இருந்தாக் கொண்டு வாங்கோ."

ஒரு செருமல். அது கோபமா, சிரிப்பா என்று பிரித்தறிய முடியவில்லை. "சரி புஸ்பராணி. பன்ரண்டு மணிக்கு வாறன்."

தொடர்பு அறுந்தது.

"என்னவாம்?" என்று இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன.

"வாறாவாம்."

"அப்ப கலியாணம் சரியோ?" என்றார் வல்லிபுரம்.

"தெரியாது."

"சரியில்லையோ?"

"அதுவும் தெரியாது. சம்பந்தி எண்டவ, இப்ப புஸ்பராணி எண்டு பேரைச் சொல்லிக் கூப்பிடுறா. அது கூடினதோ குறைஞ்சதோ எண்டும் தெரியாது." புஸ்பராணி எழும்பிக் குசினிப் பக்கம் இரண்டு எட்டு வைத்து, நின்று, திரும்பினாள். "ஜெஸீமா, கடற்கரையிலயே பிறந்து வளர்ந்த மனிசிக்கு மீன் சமைக்கிறதோ, இறைச்சி சமைக்கிறதோ?"

ஜெஸீமா யோசித்தாள். வல்லிபுரமும் யோசித்தார்.